எச்பிஏ1சி 6.1 என்று வந்ததிலிருந்து நாளுக்கு எட்டு முறை விரலைக் குத்திப் பார்க்கிறேன், எப்படி நிறுத்துவது?

கேள்வி: பாலக்கோட்டுக் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. பாலக்கோடு வட்டத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கராகப் பணிபுரிகிறேன். மாசி மாதம் எங்கள் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 112, இரண்டு இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 128, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று முடிவு வந்தது. முகாமில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "பார்டரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் தந்தைக்கு 52 வயதில் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. 61 வயதில் காலில் வந்த புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த ஆறு வாரமும் மருத்துவமனையில் அவருடன் இருந்தவன் நான். ஆகவே 6.1 என்ற எண்ணைப் பார்த்ததும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் கால்தான்.

மறுநாளே குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கினேன். முதலில் காலையில் மட்டும் பார்த்தேன். இப்போது எழுந்ததும், சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், படுக்கும் முன், இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்போதும் என்று ஏழெட்டு முறை ஆகிவிடுகிறது. 104 என்று வந்தால் அரைமணி நேரம் நிம்மதி. 119 என்று வந்தால் அன்று முழுவதும் வேலை ஓடுவதில்லை. தருமபுரியில் இரண்டு வெவ்வேறு ஆய்வகங்களில் ஒரே வாரத்தில் எச்பிஏ1சி பார்த்தேன்; ஒன்றில் 5.9, மற்றொன்றில் 6.2. எது உண்மை என்று தெரியாமல் மூன்றாவது இடத்துக்கும் போக இருந்தவனை என் மனைவிதான் தடுத்தாள்.

சென்ற சனிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் மாமனார் தோட்டத்திலிருந்து மாம்பழம் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு அறுத்துக் கொடுத்தேன். நான் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை. அதன் பிறகு பார்த்தபோது கருவி 214 காட்டியது. நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வாய் உலர்ந்து போயிற்று. பத்து நிமிடம் கழித்து வேறு கையில் பார்த்தேன், 118. இப்படி ஏறி இறங்குவதே ஆபத்தானது என்று கைபேசியில் எங்கோ படித்த ஞாபகம் வந்து, அன்றிரவு தூக்கமே இல்லை.

சோற்றை அறவே விட்டுவிட்டேன். 78 கிலோ இருந்தவன் இப்போது 71 கிலோ இருக்கிறேன். எடை குறைவதும், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்கப் போவதும், விரல் நுனிகள் மரத்துப் போவதும் சர்க்கரை நோயின் அறிகுறிகள்தாமே என்று இப்போது புதிய பயம் பிடித்திருக்கிறது. எந்த எண்ணை நம்புவது, மாத்திரை தொடங்க வேண்டுமா, இந்தக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை எப்படி விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர், கிருஷ்ணகிரி

தம்பி, முதலில் அந்த 214ஐத் தீர்த்துவிடுவோம். நீங்கள் குத்தியது மாம்பழத்தைப் பிடித்திருந்த கையின் விரலையாகத்தான் இருக்கும். பழத்தை அறுத்த விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை, குத்தி எடுக்கும் அந்தச் சிறு துளி ரத்தத்தில் கலந்தால் கருவி அதையும் சேர்த்தே எண்ணிவிடும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது மட்டும் இதற்குப் போதாது. குழாய் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டுத்தான் குத்த வேண்டும். மாங்காய்க் காலத்தில் நம் மாவட்டத்தில் இந்தத் தவறு சகஜம். எங்கள் ஆய்வகத்துக்கே பலர் ஓடி வந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் ரத்தம் பத்து நிமிடத்தில் 214இலிருந்து 118க்கு இறங்கவில்லை. 118 மட்டுமே உங்களுடையது, மிச்சம் உங்கள் மாமனார் தோட்டத்துடையது.

அடுத்து, கருவியைப் பற்றி. 2013இல் வந்த பன்னாட்டுத் தர விதியின்படி, சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது, எடுக்கும் அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும், அந்தக் கருவி நல்ல கருவிதான். அப்படியென்றால் உண்மையில் 110 இருக்கும் ஒருவருக்கு அது 95 என்றும் காட்டலாம், 125 என்றும் காட்டலாம். இரண்டுமே கருவியின் குற்றமாகாது. இன்சுலின் போடுபவருக்கு 90ஆ 250ஆ என்று தெரிந்தால் போதும் என்பதற்காகச் செய்த கருவி அது. அதை வைத்துக்கொண்டு 104க்கும் 119க்கும் இடையில் வாழ்வையும் சாவையும் தேடுகிறீர்கள். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தங்கத்தை வைத்துப் பார்ப்பது போன்றது இது.

ஆய்வக முடிவுகளும் மலையில் வெட்டிய எழுத்தல்ல. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எடுக்கும் ரத்தத்தைச் சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் வைப்போம். அதில் ஃபுளோரைடு உப்பு இருக்கும். (நம் தருமபுரிப் பக்கத்துக் கிணற்று நீரில் இருந்து பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கிய அதே ஃபுளோரைடுதான், அங்கே கெடுதல் செய்தது, குழாய்க்குள் உதவி செய்கிறது.) அது இல்லாத குழாயில் ரத்தத்தை வைத்திருந்தால் ரத்த அணுக்கள் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரையைத் தின்றுவிடும், முகாமில் எடுத்த ரத்தம் ஆய்வகம் போய்ச் சேர நேரமாகும்போது அளவு குறைவாகவே வரும். எச்பிஏ1சியில் 5.9, 6.1, 6.2 என்று மூன்று இடத்தில் வந்தவை மூன்று வெவ்வேறு செய்திகள் அல்ல. ஒரே செய்தியை மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான்காவது ஆய்வகத்துக்குப் போனால் அங்கே 6.0 வரும்.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழும். அந்தக் காலத்தில் அதனுள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி சோதனை அளக்கிறது. எனவே மூன்று மாதத்துக்கு முன்னதாக மறுபடி பார்ப்பதால் ஆய்வகத்துக்கு வருமானம் உண்டு, உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை.

பதில் 2: கம்பைநல்லூர் விவசாயி

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? அரிசிச் சோற்றை விட்டுவிட்டு மூன்று வேளையும் ராகிக் களி சாப்பிடுங்கள். எங்கள் தாத்தா 88 வயது வரை களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டே இருந்தார். சர்க்கரை என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. பரிசோதனை செய்தால்தானே நோய் வரும். கருவியைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

பதில் 3: ஊத்தங்கரை இல்லத்தரசி

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தபோது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்த்தது போல் இருந்தது, அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எச்பிஏ1சி 6.0 என்று வந்தது. நானும் கருவி வாங்கினேன், நானும் இரவு எழுந்து பார்த்தேன். அப்போது எனக்கு ஹீமோகுளோபின் 8.5தான் இருந்தது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று சொல்லி, மருத்துவர் முதலில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.4, எச்பிஏ1சி 5.6. அதாவது இயல்பான அளவு. வீட்டில் எல்லோரும் கேசரி செய்து சாப்பிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. 5.6 என்ற தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரும்போதே, "பெயர் மாற்றி வேறு யாருடைய ரத்தத்தையோ பார்த்திருப்பார்களோ" என்ற எண்ணம் வந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடியும் விரலைக் குத்தத் தொடங்கினேன். சர்க்கரைப் பயம் சற்றுத் தணிந்தபோது மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பயம் வந்தது. எண் சரியானால் மனம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஆகவில்லை. அதனால்தான், உங்களுக்கு நாளைக்கே 5.5 வந்தாலும் அந்தக் கருவி உங்களை விடாது என்று துணிந்து சொல்கிறேன்.

என் கணவர் என்னை மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். தெரிந்தவர் எவராவது பார்த்துவிட்டால் ஊரில் என்ன பேசுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் வரிசையில் நின்றேன். பார்த்தால் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெருப் பால்காரர்; அவரும் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அங்கிருந்த உளவியல் ஆலோசகர் எனக்கு விளக்கிய விதம் இன்றும் நினைவில் இருக்கிறது. பயம் வரும்போது குத்திப் பார்க்கிறோம். எண் நன்றாக இருந்தால் பயம் உடனே தணிகிறது. தணிந்தது குத்தியதால்தான் என்று மனம் கற்றுக்கொண்டு, அடுத்த பயத்துக்கும் அதையே கேட்கிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போலத்தான் என்றார். குத்தாமலே இருந்தாலும் பயம் தானாக ஏறித் தானாக இறங்கும் என்பதை ஒருமுறையாவது அனுபவித்துப் பார்த்தால்தான் மனம் நம்பும் என்றும் சொன்னார்.

ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. குத்த வேண்டும் என்று தோன்றியதும் கடிகாரத்தைப் பார்த்து அரைமணி நேரம் தள்ளிப் போட வேண்டும். அதுவரை கை வேலை ஏதாவது செய்ய வேண்டும். அரைமணி கழித்தும் தோன்றினால் பார்க்கலாம். நான் கொல்லையில் துணி துவைத்தேன், நிலக்கடலை உரித்தேன். முதல் வாரம் தள்ளிப் போட்டுவிட்டுப் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் பல முறை அரைமணி கழிந்ததையே மறந்துவிட்டேன். பிறகு கருவியை என் மாமியாரிடம் கொடுத்தோம். அவர் அதை ராகிப் பானைக்குள் போட்டுவிட்டார். கேட்டால் தருவார், ஆனால் "எதற்கு?" என்று ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டே பாதி நாள் கேட்கவில்லை.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை ஆனால் நிச்சயம் நடக்கும். "எனக்கு ஒன்றும் இல்லைதானே?" என்று அண்ணியிடம் நாளுக்கு எத்தனை முறை கேட்கிறீர்கள்? நான் என் கணவரிடம் இருபது முறையாவது கேட்பேன். அதுவும் விரலைக் குத்துவதும் ஒன்றுதான் என்றார் ஆலோசகர். "அதற்கு நேற்றே பதில் சொல்லிவிட்டேன்" என்று மட்டும் அன்பாகச் சொல்ல வேண்டும், புதிதாக ஆறுதல் சொல்லக்கூடாது என்று என் கணவருக்கும் பயிற்சி கொடுத்தார். முதலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கைபேசியில் அறிகுறி தேடுவதையும் அப்படியே குறைத்தேன். எனக்கு மனநல மருத்துவர் எட்டு மாதம் மாத்திரையும் கொடுத்தார். எல்லோருக்கும் அது தேவைப்படாது என்று அவரே சொன்னார். இப்போதும் எப்போதாவது அந்தப் பயம் வரும். வந்துவிட்டுப் போகும்.

பதில் 4: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், பென்னாகரம் வட்டாரம்

மேலே எழுதியவர்கள் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிட்டார்கள். விடுபட்டதை மட்டும் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் எழுதுவது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை முந்தைய நிலை, 126 அல்லது அதற்கு மேல் நோய். உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவுக்கு 110இல்தான் கோட்டைத் தொடங்குகிறது. ஆகவே 104 வந்தால் ஒரு கணக்கின்படி நீங்கள் கோட்டுக்குள், மற்றொரு கணக்கின்படி வெளியே. கோடு என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்டு போட்ட வேலி, அதைத் தாண்டிய நொடியில் உடம்பில் எதுவும் வெடித்துவிடாது. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு அளவை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு செய்யவும் கூடாது, இரண்டாவது சோதனையும் அதையே காட்ட வேண்டும். உங்கள் எச்பிஏ1சி எண்களும் வெறும் வயிற்று எண்ணும் முந்தைய நிலையைத்தான் காட்டுகின்றன. இந்த நிலையில் குளுக்கோமீட்டரால் தினமும் பார்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இப்போது அறிகுறிகளுக்கு வருகிறேன். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் சிறுநீரில் விடும். சிறுநீர் அதிகமாவதும், தாகமும், எடை குறைவதும் அதைத் தொடர்ந்து வருபவை. 112இலும் 128இலும் அது நடக்காது. பயம் உச்சத்தில் இருக்கும்போது மூச்சு வேகமாகி விரல் நுனிகள் மரத்துப் போகும், வாய் உலரும், கை நடுங்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். ஏழு கிலோ குறைந்ததற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சாப்பிடவில்லை. வயிறாரச் சாப்பிட்ட பிறகும் எடை தொடர்ந்து இறங்கினால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் கெடுவதும் மன அழுத்தமும் கார்டிசால், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்களின் சுரப்பைக் கூட்டிச் சர்க்கரையைச் சிறிது ஏற்றவே செய்யும் என்பதால், இரவு மூன்று மணிக்கு எழுந்து அளப்பவருக்குக் காலை அளவு குறையும் என்று எதிர்பார்ப்பதே வீண்.

உங்கள் தந்தையின் காலைப் பற்றி. ஒன்பது ஆண்டுகளில் நடந்தது அது. பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போய், ரத்த ஓட்டம் குறைந்து, புண் வந்ததும் தெரியாமல் போனால்தான் நிலைமை அவ்வளவு தூரம் போகும். 6.1 இருக்கும் 41 வயதுக்காரருக்கு அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே திரும்பிக்கொள்ள இடமிருக்கிறது. சென்னையில் நடத்தி 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான், இரண்டையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. அவர்கள் குளுக்கோஸ் நீர் குடித்தபின் எடுத்த அளவை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மாத்திரையைப் பற்றி இப்போது அவசரப்படத் தேவையில்லை என்பதற்கு அது போதும்.

கம்பைநல்லூர் ஐயா மன்னிக்க வேண்டும். களி நல்ல உணவு, நானும் சாப்பிடுபவன்தான். ஆனால் ராகியும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் கிண்டிய இரண்டு பெரிய உருண்டை, ஒரு தட்டுச் சோற்றைவிடச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும் என்று சொல்ல முடியாது. உங்கள் தாத்தா களி சாப்பிட்டுவிட்டு நாள் முழுவதும் ஏர் ஓட்டினார். கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சிறிய உருண்டைக் களியுடன் அவரை, கொள்ளு, கீரை என்று தட்டின் மற்ற பாகத்தை நிரப்பிக்கொள்வது சரி. அதேபோல் சோற்றை அறவே விடவும் வேண்டாம், ஒரு கிண்ணம் அளவோடு சாப்பிடலாம். பரிசோதனை செய்தால்தான் நோய் வரும் என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அப்படி இருந்துவிட்டுப் பாதத்தில் புண்ணோடு என்னிடம் வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். 30 வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதிக்க வீட்டு வாசலுக்கே வருபவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கணக்கர் ஐயா செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த எச்பிஏ1சியை ஆறு மாதம் கழித்து, ஒரே ஆய்வகத்தில், ஹீமோகுளோபினுடன் சேர்த்துப் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையை மருத்துவர் சொன்னால் அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு சாப்பிட்டிருக்க வேண்டும். சோற்றை விட்டிருப்பவருக்கு அந்தச் சோதனையில் அளவு பொய்யாகக் கூடி வரும். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். மனப் பதற்றத்துக்கு ஊத்தங்கரைச் சகோதரி சொன்ன வழியையே நானும் சொல்வேன். மருத்துவமனைக்குப் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி கேட்டவர் மீண்டும், 19 நாட்களுக்குப் பிறகு

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மாம்பழ விஷயத்தைப் படித்ததும் அடுப்படிக்குப் போய், ஒரு பழத்தை அறுத்து, கை கழுவாமல் ஒருமுறையும் கழுவிவிட்டு ஒருமுறையும் பார்த்தேன். 197, 109. (இதையும் குத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பதற்காகச் சகோதரி என்னைத் திட்டக்கூடும்.) அதன் பிறகு கருவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரியாதது போல இருக்கிறேன்.

14416க்கு ஓர் இரவு பேசினேன். எதிர்முனையில் பேசிய பெண் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, அப்பாவின் காலைப் பற்றி நான் பேசியதை முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வரும் புதன்கிழமை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதாக இருக்கிறேன்.

இந்த 19 நாளில் மூன்று முறை கேட்டு வாங்கிக் குத்தியிருக்கிறேன். மதியம் ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுகிறேன். இரவில் சிறுநீர் கழிக்க எழுவது ஒருமுறையாகக் குறைந்திருக்கிறது. அடுத்த சோதனை மார்கழியில். நாள்காட்டியில் குறித்துவிட்டு அந்தத் தாளின் மேல் மற்ற மாதத் தாள்களை மூடி வைத்திருக்கிறேன்.